கரைத் தூணும் கப்பல் ஆப்பிளும்

1988 அக்டோபர்

என் அருமை அந்தோணி மச்சானுக்கு,

நீ போய்ப் பதினோரு வருஷம் ஆகிவிட்டது. எனக்கு எழுத வராது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் உன் மகள் ஸ்டெல்லா. நடுவில் அவள் பேச்சும் வந்து விழும், பொறுத்துக்கொள்.

கல்மண்டபத்தில் அதே வீடுதான். உன் வீட்டுக்காரி மேரிக்கு மூட்டு வலியைத் தவிர வேறு குறை இல்லை. ஸ்டெல்லா காலில் இரும்புப் பட்டையை மாட்டிக்கொண்டு தினமும் ரயில் ஏறி வேலைக்குப் போகிறாள். எங்கே தெரியுமா? நோய்க்கிருமிகளை ஆராய்கிற இடத்தில். மூன்று வயதில் அவள் காலை முடக்கிய அதே இளம்பிள்ளை வாதக் கிருமிதான் இப்போது அவளுக்குச் சம்பளம் வாங்கித் தருகிறது. சிரிக்கிறாயா?

மச்சான், உன்னிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். நாம் துறைமுகத்தில் வேலை பார்த்த நாளில் வந்த அந்த ஆப்பிள். கப்பலிலிருந்து ஒரு வெள்ளைக்காரன் எனக்குத் தூக்கிப் போட்டான், நான்தான் உன்னிடம் தந்தேன். அதுவரை உனக்குத் தெரியும். அவன் போட்டது என் கையில் விழவில்லை. கரையோரத்துச் சாக்கடைத் தண்ணீரில் விழுந்தது. எடுத்து லுங்கியில் துடைத்துவிட்டு, "பாப்பாவுக்குக் குடு மாமு, சீமைப் பழம்" என்றேன்.

பத்து நாளில் காய்ச்சல். அப்புறம் கால் துவண்டது. "கப்பல் பண்டத்த வூட்டுக்குள்ள கொணாந்தியே!" என்று மேரி தலையில் அடித்துக்கொண்டாள். நீ என் பேரைச் சொல்லவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு நீ துறைமுகத்திலிருந்து ஒரு துரும்பும் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. அந்தப் பாரத்தோடுதானே கண்ணை மூடினாய்?

போன ஞாயிறு ஸ்டெல்லாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். காலில் இருந்த பட்டையைக் கழற்றி வைத்தாள். பிறகு, "அந்த ஆப்பிள்ல பாதிய அண்ணந்தான பெரியப்பா துண்ணான்? அவன் இன்னிக்கும் பந்து ஆடிக்கினு கீறான்," என்றாள்.

"அப்போ ஆப்பிள்ல வரலியா?"

"வந்துருக்கலாம். தெருக்கொழாத் தண்ணியிலயும் வந்துருக்கலாம். யாராலயும் சொல்ல முடியாது. அந்தக் கிருமி அப்போ எல்லாப் புள்ளைங்க வவுத்துலயும் பூந்துதான் போச்சு. நூத்துல ஒண்ணு ரெண்டுக்குக்கூட கால் போவாது. எனக்குப் போச்சு."

"நம்ம உடம்புக்குள்ள அது எப்டிம்மா பூருது?"

நம் உடம்பு கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன அறைகளால் ஆனதாம். ஒவ்வோர் அறைக்கும் வெளியே புரதங்கள் நீட்டிக்கொண்டிருக்குமாம். அதில் ஒன்றின் வளைவு அந்தக் கிருமிக்கு அளவெடுத்த மாதிரி பொருந்திவிடுகிறது. அந்தப் புரதம் இருப்பது நமக்கு ஏதோ வேலை செய்ய. கிருமி அதிலேயே தொற்றிக்கொண்டு உள்ளே போய், அந்த அறையையே கூலியாள் மாதிரி வேலை வாங்கித் தன் குட்டிகளைச் செய்ய வைக்கிறது. மனிதனுக்கும் குரங்குக்கும் அந்த வளைவு உண்டு. எலிக்கு இல்லை, அதனால் எலிக்கு ஒன்றும் ஆவதில்லை. "அந்த வளைவ இன்னும் யாரும் கண்ணால பாக்கல பெரியப்பா. பொருந்துறத வச்சுத்தான் சொல்றோம்," என்றாள்.

எனக்குச் சட்டென்று பிடிபட்டது. கப்பலைக் கட்டிப்போட நாம் கயிறு மாட்டுவோமே, கரையில் நட்ட குட்டை இரும்புத் தூண், அதுதான் அந்தப் புரதம். கயிற்று முனையின் கண்ணி சரியாக இருந்தால் எந்தக் கப்பலாக இருந்தாலும் மாட்டிக்கொள்ளும்.

"அந்தத் தூண புடுங்கிப் போட்டுட்டா?" என்று கேட்டேன்.

"புடுங்கிட்டு நம்ம கப்பல எங்க கட்டுவ?" என்றாள். உன் வாய் அப்படியே வந்திருக்கிறது.

மழை கொட்டிய அந்தக் காலை ஞாபகம் இருக்கிறதா? இரண்டு கப்பல்கள் ஒன்றாக நெருங்கின. முதலில் வந்து விழுந்த கயிற்றை இழுத்து மாட்டிவிட்டோம். அது நாம் கட்ட வேண்டிய கப்பலின் கயிறு இல்லை. "எந்தக் கப்பல் கயிறுன்னு கேக்க மாட்டீங்களாடா?" என்று மேஸ்திரி குதித்தான். நீ தலையைச் சொறிந்துகொண்டு, "தூணே கேக்கல மேஸ்திரி, நான் இன்னாத்துக்குக் கேக்கணும்?" என்றாய். ஒரு வாரம் அதையே சொல்லிச் சிரித்தோம்.

மச்சான், அன்றைக்கே பதிலைச் சொல்லிவிட்டாய். தூண் மேல் குற்றம் இல்லை. பாப்பாவின் உடம்பு மேல் குற்றம் இல்லை. ஒரு பழத்தைப் பிள்ளைக்குக் கொண்டுபோன உன் கை மேல் என்ன குற்றம்? மேரியிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். அழுதாள். பிறகு எனக்குக் காபி போட்டுக் கொடுத்தாள்.

போன வாரம் உன் மகன் பெற்ற பேத்திக்குச் சொட்டு மருந்து ஊற்றினோம். நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். அது என்ன செய்யும் என்று ஸ்டெல்லாவிடம் கேட்டேன். "கயித்துக் கண்ணியில சாக்க அடைச்சு வுடுற மாதிரி. தூண் அப்டியே இருக்கும், அந்தக் கயிறு மாட்டாது," என்கிறாள். நம் வேலையை வைத்தே எனக்குச் சொல்லித்தருகிறாள்!

கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவத்தியோடு ஓர் ஆப்பிளும் கொண்டுவருகிறேன். குழாயில் நன்றாகக் கழுவி, நான்காக வெட்டி, மேரிக்கு ஒன்று, ஸ்டெல்லாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. உன் பங்கை உன் தலைமாட்டில் வைப்பேன். இந்தத் தடவை கீழே விடமாட்டேன்.

உன் மச்சான்,
ஏழுமலை
(கைநாட்டு)