பெட்டிக்கு ஆறு கைப்பிடி

அன்பு மகள் காரினாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நலம். கடிதம் என்றால் முதலில் அதைத்தான் எழுத வேண்டும், எழுதிவிட்டேன். மற்றபடி முழங்கால் வலிக்கிறது, கூரைப் பனி ஏப்ரல் பாதியாகியும் இறங்க மாட்டேன் என்கிறது, சமையலறைக்குள் போனால் எவனாவது ஒரு தடியன் உட்கார்ந்து என் காப்பியைக் குடித்துக்கொண்டு அழுகிறான். அங்கே அரிசோனா வெயிலில் நீயும் மாப்பிள்ளையும் சின்னவன் ஓவனும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். நினைத்துக்கொள்ளத்தான் முடியும், நீ வாயைத் திறந்து சொன்னால்தானே. போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன், ஆனால் உன் கால்நடை ஆஸ்பத்திரிக்கு வந்த யாருடைய நாயோ எலும்பை விழுங்கிவிட்டது என்று பாதிப் பேச்சில் வைத்துவிட்டுப் போய்விட்டாய். ஞாயிற்றுக்கிழமையும் வேலை, சாப்பிடுகிற நேரத்திலும் வேலை. அப்படியே அப்பனை உரித்து வைத்த பெண் நீ, இதைச் சொன்னால் உனக்குக் கோபம் வரும், வரட்டும்.

நீ சொன்னது இன்னும் காதைக் குடைகிறது. "அப்பா பெட்டியத் தூக்கறதுக்கு அவரு வளத்த பசங்க ஊர் பூரா இருக்காங்களேம்மா, நான் எதுக்கு அவ்ளோ தூரம் வரணும்? பேப்பர்ல குடும்பஸ்தர்னு போட்டிருந்தாங்களே, எந்தக் குடும்பத்துக்குன்னு கேட்டியா?" என்றாய். கேட்கவில்லையம்மா. அந்த வார்த்தையைப் போட்டது சவப்பெட்டிக் கடைக்காரர். செத்துப்போன ஆண்பிள்ளை எல்லாருக்கும் அவர் அதைத்தான் போடுவார். கட்டின மூன்று பேரையும் விட்டுவிட்டு ஓடினவன் ஒருவன் போன வருஷம் போய்ச் சேர்ந்தான், அவனும் குடும்பஸ்தர்தான். ஆனால் நீ கேட்ட கேள்வி நியாயமில்லை என்று நான் சொல்ல மாட்டேன். பிப்ரவரியில் பள்ளிக்கூட உள்ளரங்கில் அப்பாவுக்கு வழிபாடு நடந்த அன்றைக்கு முன் வரிசை முழுக்க அவரிடம் கால்பந்து பழகின பழைய ஆட்டக்காரர்கள் சட்டை எண்ணோடு வந்து உட்கார்ந்துகொண்டார்கள், பெற்ற பெண் நீ பின்னால் தீயணைப்புக் குழாய்க்குப் பக்கத்தில் நின்றாய். நான் திரும்பிப் பார்த்துக் கையசைப்பதற்குள் உன் முகம் மாறிவிட்டது. மறுநாள் விடிந்ததும் விமானம் ஏறிவிட்டாய். நான் அன்றைக்கே எழுந்து நாலு பேரை எழுப்பிவிட்டு உன்னை உட்கார வைத்திருக்க வேண்டாமா என்று கேட்பாய். புருஷன் பெட்டிக்குள் கிடக்கும்போது எனக்கு அவ்வளவு புத்தி இருக்கவில்லை.

அவர் இன்னும் மண்ணுக்குள் போகவில்லை என்பது உனக்குத் தெரியும். இந்த ஊரில் பனிக்காலத்தில் செத்தால் இதுதான் கதி. தரை இரும்பாக இறுகிவிடும், கல்லறைத் தோட்டத்து வாசலில் உள்ள கல் அறையில் வசந்தம்வரை காத்துக் கிடக்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து சாப்பாட்டை ஆற வைத்துக்கொண்டு என்னைக் காக்க வைத்த மனுஷர், இப்போது அவரும் கொஞ்சம் காத்திருக்கட்டும் என்று ஒருநாள் அந்தக் கதவுக்கு முன்னால் நின்று உரக்கவே சொன்னேன். அப்புறம் வீட்டுக்கு வந்து அழுதேன். குழி வெட்டும் எய்னர் நேற்று வந்து, "இன்னும் ஒரு முழம் கல்லாத்தான் கெடக்கு எல்மா, மே கடேசி சனிக்கிழமைன்னு வெச்சுக்க. அதுக்கு முன்னாடி வெட்டச் சொன்னா என் முதுகத்தான் பொதைக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆக நாள் முடிவாகிவிட்டது. முடிவாகாதது யார் தூக்குவது என்பதுதான்.

பெட்டிக்கு ஆறு கைப்பிடி, பக்கத்துக்கு மூன்று. தூக்க வந்து நிற்பவர்களோ பாதி ஊர். போன வியாழக்கிழமை எல்லாரும் திமுதிமுவென்று என் சமையலறைக்குள் வந்துவிட்டார்கள். ஒவ்வொருவன் கையிலும் மூடி போட்ட பாத்திரம், எல்லாவற்றிலும் அதே மக்ரோனியும் பாலாடைக்கட்டியும். பிப்ரவரியிலிருந்து இந்த ஊர் என்னை மக்ரோனியால் ஆறுதல்படுத்திக்கொண்டிருக்கிறது, குளிர்பெட்டியை மூட இடுப்பால் இடிக்க வேண்டியிருக்கிறது. இரும்புக்கடை டெல்பர்ட்தான் தலைமை. மாநிலக் கோப்பை வாங்கின வருஷத்து அணித் தலைவன் அவன், அந்த நினைப்பு இந்த ஐம்பது வயதிலும் இறங்கவில்லை. "மொதக் கைப்பிடி எனக்குத்தான் மிஸஸ் கோச், இதுல பேச்சே இல்ல" என்றான். உடனே ஒருவன், "என் தோள் எலும்பு கோச்சுக்காக ஒடஞ்சது" என்றான். "அது நீ ஓடத் தெரியாம ஓடி ஒடஞ்சதுடா, அவரு தலயில போடாத" என்றான் இன்னொருவன். டெல்பர்ட்டின் தொந்தியைப் பார்த்து, "பெட்டியத் தூக்க ஆறு பேருன்னா ஒன்னத் தூக்க எட்டுப் பேரு வேணும், நீ பேசாம பின்னாடி நடந்து வா" என்று ஒருவன் சொல்ல, இரண்டு பேர் எழுந்து நின்றுவிட்டார்கள். மேசை ஆடி என் நல்ல கோப்பை ஒன்று உடைந்தது. கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற பந்துக்குக் கால்பந்து என்று பேர் வைத்த கூட்டத்திடம் இதற்கு மேல் என்ன அறிவை எதிர்பார்ப்பது. நான் காப்பிக் கெண்டியைக் கையில் பிடித்தபடி நின்றேன், யார் தலையில் ஊற்றலாம் என்று.

அப்போது ஆர்லன் பேசினான். உன் வகுப்புப் பையன், இப்போது பள்ளிப் பேருந்து ஓட்டுகிறானே, அவன்தான். அதுவரை மூலையில் உட்கார்ந்து ரொட்டியைக் காப்பியில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தான். "யாருக்கு உரிமைன்னு பாத்தா எங்க டீமுக்குத்தான். நாங்கதான் கதவு வருஷத்துப் பசங்க. எங்கள மாதிரி அவருகிட்ட குளிர்ல செத்தவன் எவனுமில்ல" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கதவு வருஷமா, அது என்னடா என்று கேட்டேன். அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "ஒங்களுக்குத் தெரியாதா மிஸஸ் கோச்? காரினா பேண்டுல டிரம்பெட் வாசிச்ச நாலு வருஷந்தான். ஆட்டம் பாதியில நிக்குமில்ல, நாங்க டிரஸ் மாத்துற ரூமுக்குள்ள போனதும் மைதானத்துப் பக்கத்துக் கதவத் தெறந்து வெச்சுருவாரு. பனி உள்ள கொட்டும். எவனாச்சும் தும்மினாக்கூட மொறைப்பாரு. வாய மூடுங்கடான்னு சொல்லிட்டு, பேண்டு முடியற வரைக்கும் எங்களுக்கு முதுகக் காட்டிக்கிட்டு நெலயில சாஞ்சு நிப்பாரு. அப்புறம் பேச நேரமே இருக்காது, கையத் தட்டி வெளிய வெரட்டுவாரு. ரெண்டாவது பாதியில என்ன ஆடணும்னு எங்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது" என்றான்.

நீ நாலு வருஷம் வெள்ளிக்கிழமைதோறும் அதே மைதானத்தில், அதே விளக்கு வெளிச்சத்தில் ஊதினாய், அப்பா ஒருநாள்கூடப் பார்த்ததில்லை என்றுதான் நாம் நினைத்திருந்தோம். எப்படிப் பார்ப்பார், பேண்டு மைதானத்துக்கு வருகிற நேரம்தான் அவர் பையன்களைத் திட்ட உள்ளே போகிற நேரம். கடைசி வருஷம் நீ தனியாக ஒரு பாட்டு வாசித்த அன்றைக்கு இரவு சாப்பிடாமல் மாடிக்குப் போனாய். அவர் அந்தப் பக்கம் ஊமை மாதிரி உருளைக்கிழங்கை வெட்டித் தின்றார். ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று மேசைக்கு அடியில் காலால் இடித்தேன். "என்ன சொல்லணும்?" என்று என்னையே கேட்டார். அந்த நாலு வருஷமும் அணி தோற்ற தோல்வி உனக்கு மறந்திருக்காது. காலையில் கதவைத் திறந்தால் நம் வீட்டுப் புல்லில் 'வீடு விற்பனைக்கு' என்று பலகை நட்டிருக்கும். கோச் ஊரை விட்டுக் கிளம்பட்டும் என்று இவர்களுடைய அப்பன்மார்கள்தான் நட்டார்கள், டெல்பர்ட்டின் அப்பா ஒரே மாதத்தில் இரண்டு நட்டார். இவர் அதைப் பிடுங்கி, உடைத்து, சனிக்கிழமை நீராவிக் குளியல் அடுப்பில் போடுவார். "நல்லாக் காஞ்ச மரம் எல்மா, சும்மா கெடைக்குது" என்பார். டெல்பர்ட்டின் அப்பாவையே அதே அடுப்பு நீராவியில் குளிக்கக் கூப்பிட்டார், அவரும் வெட்கமில்லாமல் வந்தார். இப்போது அந்தக் குடும்பம்தான் மைதானத்துக்கு இவர் பேரை வைக்கக் கையெழுத்து வாங்குகிறது. எங்கே போய் முட்டிக்கொள்வது சொல்.

ஊருக்கெல்லாம் தெரியும், வீட்டுக்கு மட்டும் தெரியாது. பையன்களுக்குத் தெரியும், பையன்கள் பெண்டாட்டிகளுக்குத் தெரியும், அதற்கு ஒரு பேர்கூட வைத்திருக்கிறார்கள். எனக்கும் உனக்கும் சொல்ல ஒருவனுக்கும் தோன்றவில்லை, உங்களுக்குத் தெரியும் என்றல்லவா நினைத்தோம் என்கிறான் ஆர்லன். அவர்கள் கிடக்கட்டும். சொல்ல வேண்டியவருக்கு வாய் இல்லையா? மைதானத்தில் நின்று கத்தினால் ஏரிக்கரை வரைக்கும் கேட்கிற வாய். வீட்டு வாசப்படி ஏறினதும் அதற்கு என்ன ஆயிற்று? எனக்கு அவர்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது காரினா. இருந்திருந்தால் அன்றைக்கு அந்தக் கெண்டி அவர் தலையில்தான். உன் மனம் இளகட்டும் என்று இதை எழுதவில்லை. கதவிடுக்கில் நின்று கேட்டதும் வெளியே வந்து பார்த்ததும் ஒன்றாகாது, அதை நான் ஒப்புக்கொள்கிறேன், நீயும் விட்டுக்கொடுக்காதே. ஆனால் நடந்தது உனக்குத் தெரிய வேண்டும். இத்தனை வருஷம் அது மற்றவர்கள் வீட்டுக் கதையாக இருந்தது போதும்.

நான் கெண்டியை மேசையில் வைத்துவிட்டு, ஐந்து பேரை நீங்களே பேசிக்கொள்ளுங்கள், ஆறாவது காரினா என்று சொன்னேன். டெல்பர்ட்தான் வாயைத் திறந்தான். "அவ ஆடவே இல்லியே மிஸஸ் கோச், அதுவுமில்லாம பொம்பளப் புள்ள" என்றான். நானும்தான் ஆடவில்லை, உங்கள் எல்லாருடைய நாற்றச் சட்டையையும் என் வீட்டு இயந்திரத்தில் துவைத்தேன், அப்போது பொம்பளை என்று தோன்றவில்லையா என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டான். ஆர்லன் எழுந்து வந்து உடைந்த கோப்பையைப் பொறுக்கினான். இரண்டு நாள் கழித்து டெல்பர்ட் போன் செய்கிறான். "ஒருவேள அவளால வர முடியலன்னா மாத்தாளா நான் நிக்கட்டுமா?" என்று கெஞ்சுகிறான். அவனுக்கு ஐந்திலும் இடம் கிடைக்கவில்லையாம். பாவமாகத்தான் இருந்தது, அவனும் அவரை உயிராக நினைத்தவன்தான். ஆனாலும் முடியாது என்று சொல்லிவிட்டேன். இந்த ஆட்டத்தில் மாற்று ஆள் கிடையாது. நீ வரவில்லை என்றால் அந்தக் கைப்பிடி சும்மா தொங்கும், பெட்டி ஒரு பக்கம் சாய்ந்தால் சாயட்டும், யார் இடம் காலி என்று ஊர் பார்க்கட்டும். உன்னை மிரட்டுவதாக நினைத்தால் அப்படியே நினைத்துக்கொள், எனக்கு வேறு வழி தெரியவில்லை.

கர்த்தர் உன்னையும் உன் வீட்டையும் காப்பாராக. ஓவனுக்கு என் முத்தம், அவனுக்குப் பல் விழுந்துவிட்டதா என்று எழுது. மாப்பிள்ளையைச் சளிக்கு மருந்து சாப்பிடச் சொல், போனில் அவர் இருமுவது எனக்குக் கேட்டது. நாய்களை ஒரு வாரம் வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும், அவற்றுக்கு எலும்பு இந்தப் பக்கமும் கிடைக்கும் அந்தப் பக்கமும் கிடைக்கும். வரும்போது கெட்டியான பூட்ஸ் கொண்டு வா, மே மாதத்தில் கல்லறை மேடு முழுக்கச் சேறாக இருக்கும். பெட்டியின் வலப்பக்கத்து நடுக் கைப்பிடி உன்னுடையது. அந்தப் பக்கம் நின்றால்தான் இடது கையால் பிடிக்க வரும், நீ இடது கைக்காரி என்று எய்னரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

உன்னையும் அவரையும் ஒரே நாளில் ஒரே இடத்தில் பார்க்கக் காத்திருக்கும்,
அம்மா
எல்மா