வள்ளித்தாய்க்கு ஒரு பிளெக்ஸ்

கோவில்பட்டி
28 ஜூன் 2021

அன்புள்ள செல்வி,

ஒருவர் செய்த உதவியை ஊருக்குச் சொல்லாமல் விட்டால் அது நன்றிகெட்டத்தனமா? எனக்குத் தெரியவில்லை. போனில் கேட்டால் கேள்வியையும் பதிலையும் நீயே பேசிவிடுவாய். அதனால் மெயில். பெங்களூரில் பேத்தி இரவில் தூங்குகிறாளா?

நம் கிளப் பொருளாளர் சௌந்தரபாண்டியன் அண்ணாச்சி தேறிவிட்டார். அவரும் மதினியும் கொரோனாவில் கிடந்தபோது கூடப்பிறந்த தம்பியே தெருமுனையோடு திரும்பிப் போனார். நாமெல்லாம் வாட்ஸ்அப்பில் கைகூப்பினோம். உள்ளே போனவள் பால் ஊற்றும் வள்ளித்தாய் ஒருத்திதான். கஞ்சி வைத்தாள், மதினியைத் தூக்கி உட்காரவைத்தாள், வாந்தியைத் துடைத்தாள். அவளுக்குப் பாராட்டு விழா என்று நீ குரூப்பில் போட்டதை அவளிடம் போய்ச் சொன்னேன். முகம் செத்துவிட்டது.

"வேண்டாம் டீச்சரம்மா. நான் உள்ள போனது யாருக்கும் தெரியாது. அங்கன போயிட்டுத்தான் இங்கன எல்லா வீட்டுக்கும் பால் ஊத்துனேன். தெரிஞ்சா ஒருத்தரும் வாங்க மாட்டாவ. ரெண்டு மாட்ட வச்சுக்கிட்டு நான் எங்க போவேன்?"

ஆகவே விழா வேண்டாம்.

ராதாமணி

பெங்களூர்
30 ஜூன் 2021

ஏட்டி ராதா,

பேத்தி தூங்குகிறாள், நான்தான் தூங்கவில்லை. ஹாஸ்டலில் உன் பிறந்தநாளுக்கு கேக் வாங்கி வந்தபோதும் "இது யாருக்காக?" என்று கேட்டவள்தானே நீ!

இந்த ஒன்றரை வருஷத்தில் நம் கிளப் என்ன செய்தது? கபசுரக் குடிநீர் கொடுத்தோம், போட்டோ எடுத்தோம். மனசு நிறைகிற ஒரு விஷயம் இப்போதுதான் கிடைத்திருக்கிறது. அண்ணாச்சி போனில் அழுதார். "அந்தப் பிள்ளைக்கு ஏதாவது செய்யணும் தங்கச்சி" என்றார். இல்லாதவர்கள் எதற்கும் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். கூச்சம். நாமும் அப்படியே விட்டுவிட முடியுமா?

பிளெக்சுக்குச் சொல்லிவிட்டேன். அவள் தூக்குவாளியோடு உள்ளே நுழைவதை மதினி எழுந்து நடமாடத் தொடங்கியதும் மாடியிலிருந்து எடுத்த போட்டோ அருமை. கீழே தலைவர் என்று என் பெயரோடு செயலாளர் என்று உன் பெயரும் வரும். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே.

உன் செல்வி

கோவில்பட்டி
1 ஜூலை 2021

செல்வி,

கூச்சம் இல்லை, பயம். பிளெக்சை நிறுத்து. என் பெயர் கீழே இருந்தால் இருக்கட்டும். அவள் பெயர் மேலே இருக்கக் கூடாது.

ராதாமணி

கோவில்பட்டி
7 ஜூலை 2021

செல்வி,

நீ பதில் போடவில்லை. பிளெக்ஸ் வந்துவிட்டது. 'கொரோனா வீட்டுக்குள் சென்று உயிர் காத்த தாய்' என்று பஸ் ஸ்டாண்டு எதிரில் நிற்கிறது.

நேற்றுக் காலை அவள் எங்கள் தெருவுக்கு வந்தபோது எதிர்வீட்டுப் பெண் வாசலிலேயே மறித்தாள்.

"ஏட்டி, சீக்கு வீட்ல வாந்தி அள்ளிட்டு அந்தக் கையோடயா எம்பிள்ளைக்குப் பால் ஊத்துன?"

"சோப்புப் போட்டுக் குளிச்சிட்டுத்தான் வந்தேன்க்கா."

"ஆமா, கொரோனாவும் உன்கூடக் குளிச்சிட்டு வந்துச்சாக்கும்!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஒருவரும் பாத்திரம் நீட்டவில்லை. நான் மட்டும் வாங்கினேன். மிச்சத்தை அவள் தெருவோர வாறுகாலில் கொட்டினாள். அந்தப் பெண்ணுக்குக் கைக்குழந்தை. அவள் கோபம் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பிளெக்சை இன்றே எடுக்கச் சொல்.

ராதாமணி

பெங்களூர்
8 ஜூலை 2021

ராதா,

படித்தேன். நம் ஜனங்கள் இப்படி இருப்பார்கள் என்று யார் கண்டது? ஆனால் ஞாயிற்றுக்கிழமை விழாவுக்கு நம் கிளப்பின் மாவட்ட ஆளுநர் ஜூமில் வருகிறார். அதற்கு முன் பிளெக்சை எடுத்தால் கேள்வி வரும்.

ஒன்று யோசித்தேன். பொன்னாடையோடு ஒரு மாசத்துக்கு அரிசி, பருப்பு, எண்ணெய், ஒரு சேலை எல்லாம் கொடுத்துவிடுவோம். 'வாழ்வாதாரம் இழந்தோருக்கு நிவாரணம்' என்று தனித் திட்டமாகவே கணக்கில் வரும். அவளுக்கும் உதவி, கிளப்புக்கும் நல்ல பெயர். எப்படியும் அண்ணாச்சி வீட்டில் பால் வாங்குவார்கள். உன்னை நம்புகிறாள், நீதான் அழைத்து வர வேண்டும்.

செல்வி

கோவில்பட்டி
10 ஜூலை 2021

செல்வி,

அண்ணாச்சி வீட்டிலும் இப்போது பாக்கெட் பால். நேரில் போய்க் கேட்டேன். "எனக்கு ஒண்ணுமில்ல டீச்சர். கடைக்கு வாரவன்லாம் கேக்கான். கொஞ்ச நாள் போகட்டும்" என்றார். மதினி உள்ளேயிருந்து வெளியே வரவில்லை.

வள்ளித்தாயின் வாழ்வாதாரத்தைப் பறித்தது நாம். பறித்துவிட்டு, இழந்தவள் என்று பெயர் வைத்து அரிசி கொடுக்கப் போகிறோம். நான் அவளை அழைத்து வர மாட்டேன். இந்த விழாவோடு நான் செயலாளரும் இல்லை. முப்பது வருஷமாக உன்னிடம் கோபித்துக்கொண்டு மறுநாளே பேசியிருக்கிறேன். இந்த முறை அது முடியுமா என்று

11 ஜூலை

நேற்று பாதியில் விட்டுவிட்டேன். இன்று நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

யாரும் அழைக்காமல் வள்ளித்தாயே விழாவுக்கு வந்தாள். வெளுத்த சேலை, தலையில் பூ. அண்ணாச்சி கையை நீட்டி, தள்ளி நின்றே பொன்னாடை போர்த்தினார். போட்டோகிராபர் "யம்மா, மாஸ்க்க எறக்குங்க, மொகம் தெரியணும்" என்றார். இறக்கினாள். திரையில் ஆளுநர் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார். மைக்கை வாங்கி, அண்ணாச்சி பக்கம் திரும்பிக் கேட்டாள்:

"அண்ணாச்சி, நாளைலருந்து பால் கொண்டு வரட்டுமா?"

ஆளுநருக்குச் சரியாகக் கேட்கவில்லை போலும், கைதட்டினார். அதைப் பார்த்து எல்லோரும் தட்டினார்கள். அண்ணாச்சியும் தட்டினார். கைதட்டல் முடியும்வரை அவள் மைக்கை அவர் பக்கமே நீட்டிப் பிடித்திருந்தாள்.

பிறகு குழுப் படம் எடுத்தார்கள். இடது ஓரத்தில் நானும் இருக்கிறேன்.

ராதாமணி