மழையும் வரியும் இல்லாத ஊர்

ஆகஸ்ட், நியூசிலாந்தின் குளிர்காலம். வியாழன் இரவு. ஆக்லாந்தின் பாபடோயிட்டோய்.

நித்திரை வரவில்லை. அக்கா மகள் அபி கூடைப்பந்து ஆடிச் சம்பாதிப்பவள். பழைய ஒப்பந்தம் முடிந்துவிட்டது. இனி எந்தக் குழுவிலும் சேரலாம். ஆக்லாந்துக் குழு கேட்கிறது. வளைகுடாக் குழு ஒன்றும் கேட்கிறது. அங்கே வருமான வரி கிடையாது.

அக்கா அழுதாள். "தம்பி, நீ தாய்மாமன். போகவேண்டாமெண்டு சொல்லு."

நேரே சொன்னால் நானா? என் வாயில் வருவதை உலகத்தில் ஒருவரும் நம்புவதில்லை. ஆகவே அந்த ஊரைப் புகழ்ந்து தள்ளினால் அபி போகமாட்டாள் என்று மகா தந்திரம் வகுத்தேன்.

"அபி, அங்க மழை பெய்தால் அரசாங்கமே வந்து மன்னிப்புக் கேக்கும். வரி எண்ட சொல்லே அவங்கட அகராதியில இல்லை. இஞ்ச நீ தோய்ச்ச சொக்ஸ் காயமுன்னம் உனக்குப் பேரப்பிள்ளை பிறந்திடும்!"

அவள் சிரிக்கவில்லை.

"ஓம் மாமா. இந்தக் குளிருக்கு முழங்காலும் நோகுது. நீங்களே சொல்லுறீங்கள். நாளைக்குச் சைன் பண்ணுறன்."

இத்தனை வருடம் புளுகியும் நம்பாதவள் இதை மட்டும் ஏன் நம்பினாள்? காலையில் ஓடிப்போய் எல்லாம் பொய் என்று சொல்லலாம். ஆனால் குளிர் பொய்யில்லை. வரியும் பொய்யில்லை. அவளுடைய முழங்காலும்...

விடிந்ததும் அக்கா கேட்பாள், "அபியிட்டச் சொன்னனியே?" என்று.

சொன்னேன்தான்.