பால்பவுடர் டப்பாவில் இருந்த வண்டு

இன்று காலை அறிவியல் வகுப்பில் டீச்சர் ஒரு பழுப்புப் புட்டியைத் திறந்து எங்களிடம் காட்டினார். எறும்பின் உடம்பில் இருக்கிற அமிலம் இது, கிட்டே வைத்து முகரக் கூடாது என்றார். மற்றப் பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நான் அனுமதி கேட்காமலே எழுந்து வெளியே போய்விட்டேன். அந்த நெடி எனக்குத் தெரியும். மூன்று வருடத்துக்கு முன்னால் உன் இடது கன்னத்திலிருந்தும் சட்டைக் கழுத்திலிருந்தும் அதே நெடி வந்தது. அன்று உன் கையைப் பிடித்து ஓடையில் முகம் கழுவ வைத்தேன். கழுவும்போது, இதை யாரும் என்னிடம் கேட்கக் கூடாது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மதியச் சாப்பாட்டுக்குப் போகாமல் ஆஸ்டலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நீ படிக்கப் போவதில்லை. ஊரில் சேர்ந்து இருந்தபோதும் நீ என் நோட்டை ஒருநாளும் படித்ததில்லை. "நீ எழுதிக்க புள்ள, எனக்குத்தான் தெரியுமே," என்பாய்.

ஏழாம் வகுப்பில் நாம் இரண்டு பேர்தான் பெண்கள். நம் இரண்டு வீடுகளுக்கும் நடுவில் ஒரு சாமைக் காடு. நான் எழுத்துக் கூட்டாமல் படிப்பேன், நீ கூட்டியும் படிக்க மாட்டாய். ஆனால் மழை பெய்து விட்ட காலையில் பள்ளிக்கூடத்துக்கு வரும் வழியில், கல்லுக்கடியில் என்ன இருக்கிறது, மரப்பட்டைக்குள் என்ன இருக்கிறது என்பதெல்லாம் உனக்குப் பார்க்காமலே தெரியும். அந்த வண்டையும் அப்படித்தான் கண்டாய். கட்டைவிரல் நீளம், கரிக்கறுப்பு. கழுத்துக்குக் கீழே இரண்டு வெள்ளைப் புள்ளி, முதுகில் நான்கு. பாதையின் நடுவில் அது யாருக்கும் ஒதுங்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

பள்ளிக்கூடத்தில் பால் காய்ச்சித் தீர்ந்த பால்பவுடர் டப்பா ஒன்றை வாத்தியாரிடம் கேட்டு வாங்கினோம். மூடியில் ஆணியால் ஓட்டை போட்டாய். வண்டு வளர்ப்பது என்றால் நமக்கெல்லாம் பொன்வண்டுதான். தீப்பெட்டியில் அடைத்து, இலை கிள்ளிப் போட்டு, கழுத்தில் நூல் கட்டிப் பறக்க விடுவோம். இதற்கும் இலைதான் போட்டோம். இரண்டு நாள் தொடவில்லை. தனியாக இருக்கிறதே என்று நான் என் பொன்வண்டை அதே டப்பாவில் விட்டேன். மறுநாள் காலையில் மூடியைத் திறந்தால் பச்சை இறக்கை இரண்டும் சில கால்களும் மட்டும் கிடந்தன. நான் அழுதேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய்.

"இலையத் தின்னுமாக்கும்னு பாத்தா, இது கறி திங்கற சாதி புள்ள. உன்ற பொன்வண்டு அதுக்குப் பழைய சோறாட்டம் போயிருச்சு."

அந்தப் பச்சை இறக்கையில் ஒன்றை எச்சில் தொட்டு என் நெற்றியில் பொட்டாக ஒட்டினாய். அழுதுகொண்டே நான் சிரித்ததும், "பாரு, இப்பத்தான் அழகா இருக்கற," என்றாய்.

அன்றிலிருந்து நீ தீனி கொண்டுவந்தாய், நான் எழுதினேன். வெள்ளைப் புழு ஐந்து. கறையான் ஒரு கை. சிறிய நத்தை ஒன்று. தாடையால் கவ்வுகிறது, உடனே விழுங்குவதில்லை, மென்று கூழாக்கிச் சாற்றை உறிஞ்சுகிறது. வயிறு நிறைந்தால் மண்ணுக்குள் போய்விடுகிறது. நாளும் நேரமும் போட்டு எழுதினேன். படமும் வரைந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் எழுதியதில்லை. இதை ஒப்புக்கொள்ள இப்போது வெட்கமாக இருக்கிறது.

பாடப் புத்தகத்தில் ஒரு வரி இருந்தது. வண்டுகளுக்கு இரண்டு சோடி இறக்கைகள் உண்டு. மேல் சோடி உறைபோல் மூடியிருக்கும், கீழ்ச் சோடியால் பறக்கும். அதை நோட்டில் எழுதினேன், படம் வரைய வேண்டும். கீழ்ச் சோடியைப் பார்க்காமல் எப்படி வரைவது?

"தூக்கிக் காட்டு புள்ள," என்றேன்.

"இதுக்கு ஏது றெக்கை? ஒருநாளாச்சும் பறந்துச்சா? இது நடக்கற வண்டு புள்ள."

"புத்தகத்துல போட்டிருக்கு."

"புத்தகம் போட்டவுங்க இதப் பாத்தாங்களா?"

"உனக்கு என்ன தெரியும்? உனக்குப் படிக்கவே வராது."

நான் அப்படிச் சொன்னேன். அதற்குப் பிறகுதான் நீ வண்டைக் கையில் எடுத்தாய். கருவேல முள் ஒன்றால் முதுகு உறையின் ஓரத்தை நெம்பினாய். அது திறக்கவில்லை. இன்னும் கிட்டே குனிந்தாய். வண்டு பின்புறத்தைத் தூக்கி ஒரே பீச்சாகப் பீச்சியது. நீ கத்தவில்லை. "எரியுது புள்ள, எரியுது புள்ள," என்று மெதுவாகத்தான் சொன்னாய். அப்போதும் வண்டைக் கீழே போடவில்லை. டப்பாவுக்குள் விட்டு மூடியை அழுத்தின பிறகுதான் கண்ணில் கை வைத்தாய்.

உன் அம்மா, பிள்ளை பெற்றிருந்த பக்கத்து வீட்டுக்காரியிடம் உன்னைக் கூட்டிப்போய்க் கண்ணில் தாய்ப்பால் விடச் சொன்னார்கள். காலையும் மாலையும் விட்டார்கள். ஆஸ்பத்திரி என்றால் மலையடிவாரத்துக் காரவள்ளி வரை நடந்தே இறங்கி, அதற்கு மேலும் போக வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம், நாளைக்குப் பார்க்கலாம் என்று எட்டு நாள் போயிற்று. கருவிழி மேல் பாலாடைபோல் ஒன்று படர்ந்தது. ஏதோ பூச்சி அடித்துவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னாய். என்ன பூச்சி, எதற்காக அதன் கிட்டே குனிந்தாய் என்று நீ சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

ஒன்பதாம் நாள் பள்ளிக்கூட ஆய்வுக்கு ஆபீசர் வந்தார். மலை ஏறின களைப்பில் நாற்காலியில் சாய்ந்து, மோர் குடித்துவிட்டு, மேசை மேல் இருந்த என் நோட்டைப் புரட்டினார். புரட்டப் புரட்ட நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"யாரும்மா இதை வளர்க்கிறது?"

"நானுங்க."

"புழுவெல்லாம் நீயேதான் பிடிப்பியா? பயமா இல்ல?"

"இல்லீங்க."

நீ கடைசி வரிசையில், ஈரத் துணியைக் கண்ணில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாய். தீனி பிடித்துவருவது நீதான் என்று வாத்தியாருக்குத் தெரியும். அவர் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தப் பெண்ணைக் கீழே ஆஸ்டலில் போட்டுப் படிக்க வைக்கலாம் என்று ஆபீசர் அவரிடம் சொன்னார். நான் திரும்பி உன்னைப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் டப்பாவை எடுத்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தாய்.

"இந்தா, உன்ற வண்டு."

"எனக்கெதுக்கு? உங்க ஊட்டுலயே இருக்கட்டும்."

"நீதான வளக்கற? ஆபீசர்கிட்டச் சொன்னியே. நீயே தீனி போடு."

"புழுவெல்லாம் எங்க புள்ள புடிப்ப?"

நீ ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தாய்.

"நோட்டுல பாரு," என்றாய். போய்விட்டாய்.

நோட்டில் பார்த்தேன். எத்தனை புழு, எந்த நேரம், எப்படிக் கவ்வியது, எவ்வளவு மீந்தது, எல்லாம் இருந்தது. எங்கே கிடைத்தது என்று ஒரு பக்கத்திலும் இல்லை. நீ எருக்குழியில் தோண்டினாயா, அழுகின வாழைத்தண்டைப் பிளந்தாயா, பலாச் சக்கையைப் புரட்டினாயா, நான் ஒருநாளும் கேட்டதில்லை. அது எழுதத் தகுந்த விஷயம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நான்கு கல்லைப் புரட்டினேன். இரண்டு எறும்பும் ஒரு பூரானும் இருந்தன, பயந்து ஓடிவந்துவிட்டேன். பிறகு சோற்றுப் பருக்கை போட்டேன். அதற்கும் மூடியை முழுதாகத் திறக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு இடுக்கு வழியாகத் தள்ளினேன். சில நாள் அதுவும் இல்லை. டப்பாவுக்குள் நகம் சுரண்டுகிற சத்தம் கேட்கும், கேட்காத மாதிரி பாடம் படிப்பேன். ஒருநாள் சத்தம் இல்லை.

ஆஸ்டலுக்குக் கிளம்பும் முன்னால் வழியில் நீ எதிர்ப்பட்டாய். தலையில் விறகு. பள்ளிக்கூடத்தை விட்டிருந்தாய்.

"வண்டு எப்படி இருக்குது?"

"விட்டுட்டேன்."

"நல்லதாப் போச்சு. அதும் அதும்பாட்டுக்குப் புடிச்சுத் திங்கட்டும்," என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பில் என் மேல் கோபமே இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நீ என்னைத் திட்டியிருக்கலாம், என் நோட்டைக் கிழித்திருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் நானும் அழுது தீர்த்திருப்பேன். நீ எனக்கு அதற்கும் இடம் கொடுக்கவில்லை.

போன தை மாதம் இங்கே காளப்பநாயக்கன்பட்டிக்கு மிளகு மூட்டை இறக்க வந்த நம் ஊர்க்காரர் ஆஸ்டல் வாசலில் நின்று சேதி சொன்னார். மிளகு பறிக்கப் போன இடத்தில் ஏணியிலிருந்து விழுந்தாய் என்றார். அந்த ஏணி எனக்குத் தெரியும். ஒற்றை மூங்கில், கணுவில் விட்ட குச்சிதான் படி. நான் ஊருக்கு வருவதற்குள் உன்னை அடக்கம் பண்ணி முடித்திருந்தார்கள். உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"ஒத்தக் கண்ணுக்குப் படி கிட்ட இருக்குதா எட்ட இருக்குதான்னு தெரியாது சாமி. ஏறாதடின்னு சொன்னேன், கேக்கலியே. அந்தக் கண்ணு எப்படிக் கெட்டுதுன்னு உனக்காச்சும் தெரியுமா கண்ணு? உன்னோடதான திரிஞ்சா."

நான் தலை குனிந்து அழுதேன். அழுகிற பெண்ணிடம் யாரும் மறுபடி கேட்பதில்லை.

அதனால் இதை உனக்கே சொல்கிறேன். நான் அதை விடவில்லை. அது என் கையில் பட்டினி கிடந்து செத்தது. செத்த பிறகுதான் அதைத் தொடும் தைரியம் எனக்கு வந்தது. நீ நெம்பிய அதே ஓரத்தில் பேனாக்கத்தியை விட்டேன். முதுகு உறை இரண்டாகப் பிரியவில்லை, நடுவில் ஒட்டி ஒரே ஓடாக உடைந்து வந்தது. உள்ளே இறக்கை இல்லை. மடித்து வைத்ததுபோல ஒன்றும் இல்லை, இருந்த அடையாளமும் இல்லை.

அந்த ஓடு டப்பாவில் இருக்கிறது. டப்பா என் தகரப் பெட்டியில் இருக்கிறது. பெட்டியை நகர்த்தும்போது கலகலவென்று ஒரு சத்தம் வரும். என்னடி அது என்று பக்கத்துப் படுக்கைப் பெண் கேட்பாள். கல் என்பேன்.

நோட்டும் அதே பெட்டியில்தான் இருக்கிறது. இப்போது எடுத்து வைத்திருக்கிறேன். வண்டுகளுக்கு இரண்டு சோடி இறக்கைகள் உண்டு என்று என் கையெழுத்து, அழகாக, ஒரு அடித்தல் இல்லாமல் இருக்கிறது. படத்துக்கு விட்ட இடம் காலியாக இருக்கிறது. அதற்கு நேரே ஓரத்தில் ஆபீசர் பச்சை மையில் எழுதியிருக்கிறார்: மிக நன்று.