கயிற்றுக்குப் பின்னால் என் பிரேக்

என் சின்னவனுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் அந்தக் குளிரில் சளி, காய்ச்சல் என்று படுக்காமல் நன்றாக இருக்க வேண்டும். இங்கே என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, மனசுதான் கொதித்துக்கொண்டிருக்கிறது. போனில் சொல்லலாம் என்றால் நான் வாயைத் திறப்பதற்குள் நீ ஒரு பாட்டம் பேசி முடித்து, சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுவாய். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது பார், அதனால்தான் பேனாவை எடுத்தேன். முழுசாகப் படி.

ஞாயிற்றுக்கிழமை உன் அக்காவின் ஓவியக் கண்காட்சிக்குப் போயிருந்தேன். நல்லதா உடுத்திக்கிட்டு வாம்மா, ஒரு ஆச்சரியம் இருக்கு என்று மட்டும்தான் சொல்லியிருந்தாள். போனால் வாசலிலேயே, அம்மாவின் அன்பும் தியாகமும் என்று ஆளுயர எழுத்து, உள்ளே சுவர் முழுக்க நான். ஒரு படத்தில் விடிவதற்கு முன்னால் வேலைக்குக் கிளம்புகிறேன், முகத்தில் ஊர்ப்பட்ட சோகம். இன்னொன்றில் என் இரண்டு கைகள் மட்டும், ஜன்னல் பக்கத்துக் கை கருத்து, மற்றது வெளுத்து. கீழே, பிள்ளைகளுக்காகக் கருகிய கை என்று எழுதி வைத்திருக்கிறாள். அடிப்பாவி! காற்று வாங்கக் கார் ஜன்னலில் கையை வைத்துக்கொண்டு வந்ததில் கருத்த கை அது. விடியற்காலையில் ரோடு காலியாக இருக்கும், ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் பயமில்லாமல் ஓட்டுவார்கள், நானும் பக்கத்தில் உட்கார்ந்து ஏதாவது பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வருவேன், நாளிலேயே எனக்குப் பிடித்த நேரம் அதுதான். போதாக்குறைக்கு, கணவர் போன பிறகு வேறு வழியில்லாமல் ஸ்டீயரிங்கைப் பிடித்தார் என்று அச்சடித்து வருகிறவர்களுக்கெல்லாம் கொடுக்கிறார்கள். உங்கள் அப்பா இருக்கும்போதே நான் டிரைவிங் ஸ்கூலில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேனே, அவருக்கே நான்தானே கற்றுக்கொடுத்தேன், ரிவர்ஸ் எடுக்க மட்டும் அந்த மனுஷனுக்குக் கடைசிவரை வரவில்லை. இதெல்லாம் உன் அக்காவுக்குத் தெரியாதா? தெரியும். கேட்டால், அதைப் போட்டா யாரும் அழ மாட்டாங்கம்மா என்கிறாள்.

அழத்தான் செய்தார்கள். முன்பின் தெரியாத ஒரு அம்மாள் என் கருத்த கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, நீங்க தெய்வம்மா என்று தேம்புகிறாள். எனக்கு அந்த வேலை பிடிக்கும்மா என்றேன், அதற்கும் அழுகிறாள். எத்தனை பெரிய மனசு பாருங்க என்று பக்கத்தில் நின்றவரிடம் வேறு சொல்கிறாள். எதைச் சொன்னாலும் அது தியாகத்தில் போய்ச் சேர்ந்துவிட்டால் ஒருத்தி எப்படித்தான் பேசுவது, சொல்லு.

இதுவரைக்கும்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருப்பேன். போன வாரம், நானே சர்வீசுக்கு விடறேம்மா என்று உன் அக்கா நான் வகுப்பு எடுக்கும் என் சொந்தக் காரை எடுத்துப் போனாள் இல்லையா, திரும்பி வந்தபோது என் பக்கத்து பிரேக்கைக் காணோம். மெக்கானிக்கைக் கேட்டால் தரையைப் பார்த்துக்கொண்டு, தேஞ்சு போச்சும்மா, புதுசு வரணும் என்றார். ஓட்டுகிறவர் தடுமாறினால் நான் மிதிப்பதற்கு அந்த ஒரு பிரேக்தானே இருக்கிறது, அது இல்லாமல் எந்த தைரியத்தில் ரோட்டில் இறங்குவது? வகுப்பையெல்லாம் நிறுத்திவிட்டேன். ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் நர்ஸ் பெண் ஒருத்தி, ஏற்கெனவே லைசென்ஸ் டெஸ்டில் ஒரு தடவை தோற்றவள், வருகிற வெள்ளிக்கிழமை அவளுக்கு மறுபடி டெஸ்ட், இப்ப கைவிட்டா நான் என்ன செய்வேன் டீச்சர் என்று தினமும் போன் செய்து புலம்பினாள். இந்த நிலைமையில் கண்காட்சியின் கடைசி அறைக்குள் போகிறேன். நடுவில் ஒரு வெள்ளை மேடை, சுற்றிலும் சிவப்புக் கயிறு, மேலே தனியாக ஒரு விளக்கு, அந்த வெளிச்சத்தில் என் பிரேக்! ரப்பரில் என் செருப்பு தேய்த்த பள்ளம்கூட அப்படியே இருக்கிறது. பக்கத்தில் ஒரு அட்டை, அம்மாவின் கால் என்று.

எனக்கு வந்ததே கோபம். உன் அக்காவை ஓரமாக இழுத்துப் போய்க் கேட்டேன். முதலில் மென்று விழுங்கினாள். அப்புறம், தம்பிதாம்மா சொன்னான், பிரேக்கைக் கழட்டிட்டா அம்மா தானா வீட்ல உட்காருவாங்க, அப்புறம் வண்டியை வித்துட்டு அவங்களை இங்க என்கிட்ட அனுப்பிவிடுன்னான், எனக்கும் கண்காட்சிக்கு ஆச்சுன்னு எடுத்துக்கிட்டேன் என்றாள். அவளாவது படம் வரைகிறவள், ஒன்றை ஒன்பதாக்குவது அவள் தொழில். நீயுமாடா? என் வயிற்றில் பிறந்த இரண்டு பேரும் சேர்ந்து பேசி வைத்துக்கொண்டு என்னை ஏமாற்றியிருக்கிறீர்கள். கயிற்றைத் தூக்கிவிட்டு உள்ளே நுழைந்தேன். காவலாளி ஓடி வந்து, தொடக் கூடாதும்மா என்றார். என் காலை நான் எடுத்துட்டுப் போறேன், உங்களுக்கு என்ன என்று கேட்டுவிட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டேன். சுற்றி நின்றவர்கள் இதுவும் கண்காட்சியில் சேர்த்தி என்று நினைத்துக் கை தட்டினார்கள். உன் அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள். நேற்று மெக்கானிக்கிடம் பையைத் திறந்து காட்டினேன், பேயறைந்தது மாதிரி நின்றார், பிரேக்கை மறுபடி பூட்டிக் கொடுத்தார். மேடை காலியாத்தாம்மா இருக்கு, அட்டையை எடுக்கல, அதைத்தான் இப்ப எல்லாரும் நின்னு பாக்கறாங்க என்று இன்றைக்குக் காலையில் உன் அக்கா போன் செய்தாள். சிரித்துத் தொலைத்துவிட்டேன், ஆனால் கோபம் போகவில்லை.

கஷ்டமே படவில்லை என்று நான் சொல்லவில்லை. உங்களுக்குத் தெரியாமல் அழுத நாளும் உண்டு. ஆனால் வண்டியில் ஏறினது கஷ்டம் இல்லை. ஸ்டீயரிங்கைத் தொடவே பயந்து வருகிறவள் ஒரு நாள் தனியாக ஓட்டிக்கொண்டு போவாள், திரும்பிப் பார்த்துச் சிரிப்பாள், அதைப் பார்ப்பதற்காகவே எழுந்து போவேன். அதற்குத் தியாகம் என்று பெயர் வைத்து, போதும்மா என்று பிடுங்கிக்கொண்டால் எனக்கு என்னடா மிச்சம்? என்னைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ள நினைக்கிறாய், அது எனக்குப் புரியாமல் இல்லை. என்னிடம் கேட்டிருக்க வேண்டாமா?

தியாகம்தான் வேண்டும் என்றால் ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். உன்னை விமான நிலையத்தில் இறக்கிவிட்டுத் தனியாக ஓட்டிக்கொண்டு வந்தேன். வழி முழுக்கப் பக்கத்து சீட்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். போகாதேடா என்று ஒரு தடவை சொல்லியிருந்தால் நீ நின்றிருப்பாய், எனக்குத் தெரியும். சொல்லவில்லை. அன்று ஒரு நாள்தான் அந்த வண்டியை ஓட்ட எனக்குப் பிடிக்கவில்லை. அதை உன் அக்கா வரையவில்லை, அவளிடம் நான் சொன்னதும் இல்லை.

இதைப் படித்துவிட்டு அவளோடு சண்டைக்குப் போகாதே, குற்றத்தில் உனக்கும் பாதி உண்டு. வேளைக்குச் சாப்பிடு. மருமகளைத் தனியாக எல்லா வேலையும் செய்ய விடாதே. இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல், மனம் ஒத்து, நீண்ட ஆயுசோடு இருக்க வேண்டும். நாளைக் காலையில் நர்ஸ் பெண்ணுக்கு வகுப்பு இருக்கிறது, போய்ப் படுக்கிறேன். வண்டி விற்பனைக்கு இல்லை, இதை மட்டும் மறந்துவிடாதே. லீவு கிடைத்தால் வந்து நீயே அதை ஓட்டு. நான் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொள்கிறேன், வாயைத் திறக்க மாட்டேன், காலை மட்டும் பிரேக்கின் மேல் வைத்திருப்பேன்.

கோபம் இன்னும் முழுசாகத் தீராத,
உன் அம்மா