சாம்பல் கலந்த செங்கல்

அம்மாவுக்கு நமஸ்காரம். முழங்கால் வலி குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன். சூளைச் சூடு பட்ட கைக்கொப்புளமும் ஆறிவிட்டது.

சர்க்கரை ஆலை வெளியே கொட்டும் சாம்பலைக் களிமண்ணோடு கலந்து நான் சுட்ட செங்கல்லுக்கு நேற்று சோதனை. இந்த முறையும் உடைந்தால் ஆய்வையே நிறுத்திவிடுவார்கள்.

“சாம்பல் பாத்திரம் தேய்க்கத்தான் ஆகும், மேடம்” என்று மராத்தியில் சொல்லிச் சிரித்த கட்டட மேஸ்திரி, தோள் உயரத்திலிருந்து கல்லைக் கீழே போட்டார். உடையவில்லை. இன்னொன்றைத் தலைக்கு மேல் தூக்கிப் போட்டார். அதுவும் உடையவில்லை.

“லோடு எப்ப வரும்? அதுவரைக்கும் சுவர் வேலையை நிறுத்தி வெக்கறேன்” என்றார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை, அம்மா. ஒரு கல்லை வாகட்டில் நான் தங்கியிருக்கும் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன். காட்டத்தான் இங்கே யாருமில்லை. தம்பி விச்சுவிடம் வடாம் கொடுத்தனுப்பு. முடிந்தால் நீயும் அவனோடு வந்து, இதைக் கையில் வாங்கிப் பார்.

ஆபீஸ் பஸ் வந்துவிட்டது.

நீலா