பார்க்காத குழாய்கள்

14.11.94, திங்கள்

காலையிலிருந்து தூறல். ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறும்போதே கால்சட்டை நுனி நனைந்துவிட்டது. ராஜபாளையம் வரை நின்றபடி.

மெட்ராஸிலிருந்து பார்சல். ஒன்பது பிளாப்பிகள், இரண்டு தடித்த கையேடுகள். எங்கள் பேண்டேஜை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி கேட்ட கிளாஸ் லைப்ரரி, சி பிளஸ் பிளஸ் மொழியில் முன்பே எழுதிவைத்த ப்ரோகிராம் தொகுப்பு. இனி சோதனைச் சான்றிதழ் இதில்தான் அச்சாக வேண்டும். பதிவுகளோ போன வருடம் நான் லிஸ்ப் மொழியில் எழுதிய ப்ரோகிராமில். இரண்டையும் பேச வைக்க வேண்டும். மானேஜர் சுப்பராஜா ஒரு வாரம் கெடு வைத்தார். "அடுத்த மாசம் பன்னெண்டாந் தேதி ஆய்வுக்கு வாராக தம்பி. அவிய முன்னால மிஷின் திக்கக் கூடாது."

செய்ய:
– கையேடு, முதல் மூன்று அத்தியாயம்
– ஜெபராணி அக்காவிடம் பதிவு முறையைத் திரும்பக் கேட்க
– குடை

16.11, புதன்

லிஸ்ப்பில் ஒரு பெயருக்குள் எதையும் வைக்கலாம். இன்று எண், நாளை சொல், மறுநாள் ஒன்றுமே இல்லை. வைக்கப்பட்ட பொருளே தான் யார் என்று சொல்லிக்கொள்ளும். இந்தப் புது மொழியில் அப்படி இல்லை. பெட்டி செய்யும்போதே 'இதில் எண் மட்டும்' என்று எழுதிவிட வேண்டும். பிறகு எண்ணைத் தவிர எதற்கும் இடமில்லை.

எம்.எஸ்ஸி. படிக்கும்போது லிஸ்ப் மேல் காதல். அது என்னிடம் எதையும் முன்கூட்டிக் கேட்கவில்லை. எனக்கு மனிதர்களிலும் அப்படிப்பட்டவர்களையே பிடிக்கிறது. நல்ல குணமா என்று தெரியவில்லை.

மதியம் சோதனை அறை. ஜெபராணி அக்கா இங்கே பதினோரு வருடம். ஒரே தடவையில் கிருமி நீக்கிய கட்டுத்துணித் தொகுதி ஒரு லாட்; ஒவ்வொரு லாட்டிலிருந்தும் காஸ் துணியைக் கொஞ்சம் வெட்டி, இருபது குழாய்களில் திரவத்துக்குள் போட்டு, பதினான்கு நாள் வைப்பார். திரவம் கலங்கினால் கிருமி. கலங்கிய குழாய் எத்தனை என்பதுதான் முடிவு. 0 என்றால் லாட் தேறியது. அதுவரை அந்தக் கட்டத்தில் எதுவும் எழுத மாட்டார். ஒரு கோடுகூட.

போன வருடம் ஏதாவது ஒரு எண் போடச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறேன். "பாக்காதத எப்படி எழுத தம்பி?" அவருக்காகவே வெறும் கட்டத்தை அனுமதித்தேன். லிஸ்ப்பில் அது சுலபம்.

19.11, சனி

காலையில் ப்ரோகிராமில் நூற்று நாற்பது பிழைகள். நான்கு மணிக்கு ஒன்று. அந்த வெறும் கட்டம்.

லைப்ரரியின் சான்றிதழில் முடிவு ஒரு முழு எண். 'இன்னும் பார்க்கவில்லை' என்று ஒரு எண் கிடையாது. இரண்டு வழி. ஒன்று, பார்த்தாயிற்றா இல்லையா என்று தனியாக இன்னொரு பெட்டி. சான்றிதழ் முழுவதையும் பிரித்து மாட்ட வேண்டும். மூன்று நாளாவது ஆகும். இரண்டு, எண் அல்லாத எது வந்தாலும் 0 என்று அனுப்பிவிடுவது. ஒரு வரி.

ஒரு வரி எழுதினேன். பிழை காட்டும் கம்பைலர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்தில் என்ன சந்தோஷம்.

பஸ்ஸில் இடம் கிடைத்தது. முன் சீட்டில் இரண்டு மில் பெண்கள். ஒருத்தி புருஷனைப் பற்றி ஏதோ புலம்ப, மற்றவள்: "ஏட்டி, நூல் கோன் மாத்துத மாதிரி மாப்பிள்ளைய மாத்த முடியுமாக்கும்?" வீடு வரை சிரிப்பு.

24.11, வியாழன்

இரண்டு நாளாக ஓடுகிறது. சான்றிதழின் அடியில் 'சோதித்தவர்: ஜெபராணி' என்று தானே அச்சாகிறது. முன்பு அக்கா நோட்டில் கையெழுத்திட்ட பிறகுதான் குடோன் திறக்கும். இனி சான்றிதழ் போதும் என்று மானேஜர் முடிவு. அக்கா தன் கையெழுத்து வேண்டாமா என்று கேட்டதற்கு, "பேரு அச்சாவுதுல்லா, பொறவு என்ன?"

லாரிகள் காத்திருப்பதில்லை. மானேஜர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். இவ்வளவு வேகம் எங்கிருந்து வந்தது என்று யாரும் யோசிக்கவில்லை. நான் உட்பட. (இந்தக் கடைசி இரண்டு வரி மட்டும் 6.12 அன்று சேர்த்தது.)

5.12, திங்கள்

லாட் 117. பதினான்காம் நாள். அக்கா குழாய்களை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருக்கிறார். மூன்று கலங்கல். லாட்டை ஒதுக்கி வைக்கச் சொல்ல குடோனுக்குப் போனால் லாட் இல்லை. பத்து நாள் முன்பே தெற்கே ஓர் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது. சான்றிதழில் 0. சோதித்தவர்: ஜெபராணி.

மானேஜர் அறையில் அக்கா. கதவு திறந்தே இருந்தது.

"நீ ஜீரோ போட்டிருக்கே."

"நான் ஒண்ணுமே போடல சார்."

"ஒண்ணும் போடலன்னா ஜீரோ வானத்துலேருந்தா விழுந்துச்சு?"

யாரோ சிரித்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போன். பாதிக் கட்டுகள் பிரித்தாயிற்றாம். அக்காவை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். தூக்குச்சட்டியோடு என் மேசையைக் கடந்து போனார். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

6.12, செவ்வாய்

பழைய லிஸ்ப் பதிவைத் திறந்தேன். 117: வெறுமை. புதியதைத் திறந்தேன். 117: 0. நடுவில் வெறுமையை 0 ஆக்கிய என் வரி.

அதேபோல இன்னும் ஐந்து லாட். நான்கு வெளியே போய்விட்டன. ஒன்று குடோனில்.

யாரிடமும் சொல்லவில்லை. காரணங்கள்: மானேஜர் மில்லுக்குப் போயிருந்தார். மழை. எனக்கு வயிறு சரியில்லை. மூன்றும் உண்மை.

வரியை மாற்றினேன். கட்டம் வெறுமையாக இருந்தால் இனி சான்றிதழ் அச்சாகாது. குடோனில் இருந்த லாட் நின்றது. மூன்று நாள் ஆகும் என்று நினைத்த வேலை. நாற்பது நிமிடம்.

8.12, வியாழன்

நேற்று முழுவதும் அந்த நான்கு லாட். யார் யார் காயத்தில் என்று ஓடிக்கொண்டே இருந்தது. இன்று பட்டியலை அச்செடுத்து மானேஜர் மேசையில் வைத்தேன். சொன்னேன்.

கத்தவில்லை. என் எதிரிலேயே நான்கு ஊருக்கும் போன் போட்டு, பிரிக்காமல் திருப்பி அனுப்பச் சொன்னார். அந்த அளவில் நியாயமானவர். பிறகு பட்டியலை மடித்து டிராயரில் வைத்தார்.

"மிஷின் தப்புன்னா எல்லாச் சான்றிதழும் தப்பு. ஒரு பொம்பள தப்புன்னா அது ஒண்ணே ஒண்ணுதான். ஆய்வு முடியட்டும். நீ ஒண்ணும் சொல்லல, நானும் ஒண்ணும் கேக்கல."

தலையாட்டினேன். ஆட்டினேனா? ஆட்டினேன்.

9.12, வெள்ளி

சாப்பாட்டுத் தட்டு முன்னால் உட்கார்ந்திருந்தேன். கோயிலுக்குக் கிளம்பிய அம்மா வாசலில் நின்று, "எவன் செத்தான்னு இப்படி உக்காந்திருக்கே?"

மாலை அக்கா வீட்டுத் தெரு வரை போனேன். சர்ச்சுக்குப் பின்புறம். கொடியில் சோதனை அறைக் கோட்டைத் துவைத்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை கூப்பிடுவார்கள் என்ற நம்பிக்கை போல. தெருமுனையிலேயே திரும்பிவிட்டேன்.

12.12, திங்கள்

ஆய்வுக்கு இரண்டு பேர். ஒருவர் வயதானவர், அதிகம் பேசவில்லை. திரையை வெகுநேரம் பார்த்துவிட்டு, பதினான்கு நாள் முடியாத லாட் இதில் எப்படித் தெரியும் என்று கேட்டார். மானேஜர் என்னைப் பார்த்தார்.

வெறுமையாகத் தெரியும், சான்றிதழ் அச்சாகாது என்றேன். இன்றைய தேதிக்கு அதுவே சரியான பதில். அதில் பொய் ஒரு எழுத்துகூட இல்லை. பெரியவர் குறித்துக்கொண்டார். மானேஜர் மூச்சுவிட்டது கேட்டது.

அந்தச் சத்தம்தான் பொறுக்கவில்லை.

"போன திங்கள் வரைக்கும் ஜீரோன்னு தெரிஞ்சது சார். ஜெபராணி எழுதல. நான் எழுதின வரி."

பிறகு எல்லாம். லாட் எண்கள், தேதிகள். பெரியவர் பேனாவை மூடிவிட்டு மறுபடி திறந்தார்.

13.12, செவ்வாய்

மழை விட்டது. மேசையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். இரண்டு கையேடும் அங்கேயே. என்னுடையது என்று ஒரு டம்ளர், ஒரு பிளாப்பி.

அக்காவுக்கு ஆள் அனுப்பி வரச் சொல்லியிருந்தார்கள். எட்டு மணிக்கு வந்தார். சைக்கிள் ஸ்டாண்ட் பக்கம் காத்திருந்து, நடந்ததைச் சொன்னேன். கேள்விப்பட்டேன் என்றார். முகத்தில் ஒன்றும் இல்லை.

"ஒனக்கு எப்பத் தெரியும் தம்பி?"

"போன செவ்வாக்கிழமை."

கோட்டின் பட்டனைப் போட்டுக்கொண்டார்.

"ஞாயித்துக்கிழம சர்ச்ல என் பேரச் சொல்லி ஜெபம் பண்ணினாக. மன்னிப்புக்கு. நானே போட்டிருப்பேனோன்னு நெனச்சு நானும் ஆமென் சொன்னேன்."

உள்ளே போய்விட்டார்.